குளியலறைக்கு ஒரு ஜோடி செருப்பு

நான் குடியிருக்கும் அயோவா ஊரில், ஜூலை மாதம் பிறந்ததும் பெரிய கடைகளின் முகப்பில் ரப்பர் செருப்புகளைக் கூடை கூடையாகக் கொட்டி வைப்பார்கள். வெளியே போட்டுக்கொண்டு நடப்பதற்கு அல்ல, குளிப்பதற்கு. முதல்முறையாகக் கல்லூரி விடுதிக்குப் போகிற பிள்ளைகள் பொதுக் குளியலறையில் காலில் மாட்டிக்கொள்ள வேண்டிய செருப்பு அது. ‘ஷவர் ஷூஸ்’ என்று பெயர். இந்த நாட்டில் வீட்டுக்குள், படுக்கையறைக்குள், ஏன், கட்டிலின் மேலேகூட ஷூ காலோடு ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நாள் முழுக்கப் போட்டிருந்த ஷூவைக் குளிக்கப் போகும்போது கழற்றிவிட்டு, குளிப்பதற்கென்று இன்னொரு செருப்பை மாட்டிக்கொள்கிறார்கள். வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பனி பழகிவிட்டது, பாலாடைக்கட்டி பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை.

இந்த வருடம் அந்தக் கூடைக்கு முன்னால் நானும் நின்றேன். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் இருக்கும் என் அக்கா மல்லிகாவின் மகள் பவித்ராவுக்கு, மினசோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரியில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. தானாகவே கணினி முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டு, கட்டுரையெல்லாம் எழுதி, இடம் கிடைத்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். தாய்மாமன் அமெரிக்காவிலேயே உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், கல்லூரி அனுப்பிய சாமான் பட்டியலை எனக்கு அனுப்பி, “மாமா, இதுல பாதி இன்னான்னே புரியல” என்று எழுதியிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. மூட்டை கட்டுகிற விஷயத்தில் என்னை மிஞ்ச எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஆள் கிடையாது. யார் வீட்டுக்கு யார் வருவதானாலும் என்னைத்தான் கேட்பார்கள். குக்கருக்கு உபரி ரப்பர் வளையம், மூக்குக்கண்ணாடி இரண்டு, உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி உடுப்பு, பொடி வகைகளைக் கட்ட இரட்டை உறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஜூலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். திரும்பும்போது அவளைக் கையோடு அழைத்து வருவதாக ஏற்பாடு. அக்காவின் கடை கிரிவலப் பாதையிலேயே, ஊர்க் கோயிலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. டீ, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், பௌர்ணமிக்கு மட்டும் சுக்குக் காபி. அத்தான் நிலத்துக்குப் போயிருந்தார். கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். ‘ட்வின் எக்ஸெல்’ விரிப்பு என்றிருந்ததை, ட்வின் என்றால் இரட்டை என்று பவித்ரா சொல்லப்போக, “ரெண்டு பொண்ணும் ஒரே கட்டில்லயா படுக்கணும்?” என்று அக்கா பதறினாள். அது ஒருத்தர் படுக்கிற கட்டில்தான், கொஞ்சம் நீளம் ஜாஸ்தி என்று விளக்கினேன். அப்புறம் குளியலறைச் செருப்புக்கு வந்தோம்.

“இன்னாடா இது? குளிக்கிற எடத்துக்கு யார்னா செருப்பு போட்டுகினு போவாங்களா?”

“பொது பாத்ரூம்க்கா. சேத்துப்புண்ணு வந்துடும்னு போட்டுக்குவாங்க.”

“அப்ப அந்த எடத்த கழுவ மாட்டாங்களா?”

“தெனமும் கழுவுவாங்க.”

“கழுவுனா அப்புறம் எதுக்குடா செருப்பு?”

நான் பட்டியலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கடைக்கு முன்னால் இரண்டு பேர் அந்த வெயிலில் வெறுங்காலோடு மலையைச் சுற்றி நடந்து போனார்கள். பட்டியலின் கடைசிப் பக்கத்தில், விடுதிக்குள் கொண்டுவரக் கூடாதவை என்று தனியாகப் போட்டிருந்தது. மெழுகுவத்தி, ஊதுபத்தி, விளக்கு, சோறு வடிக்கிற மின்சாரப் பாத்திரம். “நெருப்பே ஆவாதாம்மா” என்றாள் பவித்ரா. அக்கா தலையைத் திருப்பி ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “நல்லவேள, மலய எடுத்தாரக் கூடாதுன்னு போடல” என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டாள்.

நான் சிரித்தேனே தவிர, மனம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. பதினேழு வயதில் சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் என்னைச் சேர்த்தார்கள். அப்பா தகரப் பெட்டி வாங்கினார், அம்மா அதை நிரப்பினாள். தட்டு, டம்ளர், வாளி, சொம்பு, பூட்டு இரண்டு, துணி காயப்போடக் கயிறு, கயிறு கட்ட ஆணி, ஆணி அடிக்கச் சுத்தி. வாளியின் மேல் சிவப்பு பெயின்ட்டில் என் பெயரை அப்பாவே எழுதினார். யாரிடமும் எதற்கும் கைநீட்ட வேண்டாத அளவுக்கு எல்லாம் இருந்தது. நானும் கைநீட்டவில்லை. பதினொரு நாள் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றேன். பக்கத்து அறைக்காரன் பெயர்கூட எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் காலையில் பெட்டியோடு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். “இன்னாப்பா, காலேஜ் அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா?” என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். அடுத்த வாரம் அப்பா என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டு, முதல்வர் காலில் விழாத குறையாகப் பேசி உட்கார வைத்தார். பெட்டியில் ஏதோ ஒன்று குறைந்ததால்தான் அப்படி ஓடிவந்தேன் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். போர்வை கனம் போதவில்லை என்று என் கணக்கு.

பவித்ரா அப்படி வந்து நிற்கக் கூடாது. சென்னையிலிருந்து ஓடிவர ஒரு பஸ் போதும், மினசோட்டாவிலிருந்து முடியாது. படிப்பை விட்டுவிட்டு வந்தால் உதவித்தொகையும் போய்விடும், மறுபடி கொடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியும். “எனக்கு அங்க இன்னா தெரியும்? உன்ன நம்பித்தான்டா அனுப்பறேன்” என்று ஒருநாள் மாவு கரைத்துக்கொண்டே சொன்னாள். நான் இன்னொரு போர்வை வாங்கினேன்.

இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோ. தெருமுனை அரிசிக் கடைத் தராசில் ஏற்றினோம். “அம்பத்தொண்ணு காட்டுதுங்க. அஞ்சு கிலோ ஜாஸ்தி” என்றார் கடைக்காரர். பவித்ரா கடை வாசலிலேயே குந்தி, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். ஊறுகாய் பாட்டில்கள் போயின. பொடி வகை போயிற்று. என் இரண்டு போர்வையும் போயின. துணிக் கயிறு, ஆணி (ஆமாம், வைத்திருந்தேன்), பதினெட்டு சோப்பு, எல்லாம் போயின. ஐந்து கிலோ இறங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரே பெட்டிதான் மிஞ்சியது. பத்தொன்பது கிலோ. மேலாக, அயோவாக் கடைக் கூடையிலிருந்து நான் வாங்கிப் போயிருந்த ஒரு ஜோடி நீல வார் ரப்பர் செருப்பு.

“திடீர்னு ஏதாவது இல்லன்னா?” என்றேன்.

“இல்லன்னா கேட்டுக்கறேன் மாமா.”

“யாரக் கேப்பே?”

“யார் இருக்காங்களோ அவங்கள.”

“அவங்க உனக்கு யாரும்மா?”

“கேட்டாத்தான மாமா தெரியும்?” என்று பெட்டியை மூடி ஜிப்பை இழுத்தாள். அரிசிக் கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன். அக்கா கடையில் டீயும் தண்ணீரும் மட்டும் வியாபாரம் இல்லை. பௌர்ணமி நாளில், காரிலும் ஆட்டோவிலும் அதுவரை வந்து, அங்கிருந்து மலையை வெறுங்காலில் சுற்றி வரப் போகிறவர்கள் செருப்பை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். ஜோடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அட்டையில் வெட்டிய எண் டோக்கன் ஒன்றைச் செருப்பில் செருகி, அதே எண்ணை ஆளிடம் கொடுப்பாள். பத்து வயதிலிருந்து பவித்ராவும் கூட உட்கார்ந்து செருப்பு வாங்கி வைத்தவள். அடுத்தவர் செருப்பைக் கையால் தொடுகிற வேலை. எனக்கு அது ஆகவே ஆகாது. அதை விட்டுவிடு என்று ஒவ்வொரு முறை போகும்போதும் அக்காவிடம் சண்டை போடுவேன். விமானத்தில் ஏறியதும் பவித்ராவிடம், “அம்மா கடை வெச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லு. செருப்பு சமாச்சாரம் அங்க யார்கிட்டயும் வேணாம்” என்றேன். “ஏன் மாமா?” என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விடுதியில் சேர்க்கும் நாளில் என் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனோம். வாசலில் நிறுத்தியதும் மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் ஒன்று வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ரயில் நிலையத்தில் போர்ட்டர்களைக் கண்டதும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஆள் நான், இங்கேயும் பிடித்துக்கொண்டேன். நரைத்த தாடிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து அதை வாங்கி, பின்னால் எட்டிப் பார்த்து, இன்னொரு வண்டி வருகிறதா என்று கேட்டார். இல்லை, இவ்வளவுதான் என்றேன். மற்ற பிள்ளைகளுக்கு லாரியே வந்திருந்தது. மனிதர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். அவர் பவித்ராவுக்குக் கணக்குப் பாடம் எடுக்கப்போகும் பேராசிரியர் என்று மாடியில்தான் தெரிந்தது. இந்த நாட்டைப் பற்றி ஆயிரம் குறை சொல்வேன், அன்று ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. நான் படித்த கல்லூரியில் பேராசிரியரின் பையை நாங்கள்தான் தூக்கினோம்.

அறையில் கூடத் தங்கப்போகிற பெண் மேடிசன், அவள் அம்மா டெபி. சோளம் பயிரிடுகிற குடும்பம். குட்டிக் குளிர்பெட்டி, கம்பளம், சரவிளக்கு, ஏழு தலையணை என்று டெபி பாதி அறையை நிரப்பிக்கொண்டிருந்தாள். பவித்ரா வாசலிலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனாள். டெபி அதைப் பார்த்து, உள்ளேயே போட்டுக்கொண்டு வா கண்ணு, எதற்கு வெளியே விடுகிறாய் என்றாள். அறைக்காக என்றாள் பவித்ரா. செருப்பு அழுக்காகிவிடும் என்று கழற்றியதாக எண்ணி, டெபியின் முகம் வாடிவிட்டது. காலையிலேயே மண்டியிட்டுத் தரையைத் துடைத்தேனே, இன்னும் அழுக்காகவா இருக்கிறது என்று கேட்டாள். நான் குறுக்கே புகுந்து பண்பாடு, மரபு என்று ஏதோ உளற ஆரம்பித்தேன். பவித்ரா, “நீங்கள் துடைத்திருப்பதால்தான் கழற்றினேன்” என்றாள். டெபி தரையைப் பார்த்தாள், தன் ஷூவைப் பார்த்தாள். அப்புறம் குளிர்பெட்டி வந்த அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கக் குனிந்து இரண்டு ஷூவின் கயிற்றையும் அவிழ்த்தாள். அந்தப் பெரிய உடம்பைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. அதே நேரத்தில் பவித்ரா குனிந்து, அந்த ஷூவைப் பழக்கதோஷத்தில் கையால் எடுத்து, ஜோடி சேர்த்து, சுவரோரமாக வைத்தாள். நான் சட்டென்று டெபியின் முகத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து நான் நாள் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றாம் நாள் அலுவலகத்தில் போனை மேசைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. நானே கூப்பிட்டால், “நல்லாருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன்” என்று இரண்டு சொல்லில் வைத்துவிடுவாள். அப்படி வைக்கிற பிள்ளைகள்தான் உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கும், எனக்குத் தெரியாதா? அக்டோபரில் மினசோட்டாவில் முதல் பனி என்று செய்தி வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கனமான போர்வை, ஊறுகாய், கம்பளி உடுப்பு எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். வந்துவிடுகிறேன் என்று அழுதால் இரண்டு நாள் என் வீட்டில் வைத்திருந்து தேற்றித் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று திட்டம். வழியெல்லாம் அவளிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மூன்றாம் மாடி நடைக்கூடத்தில் திரும்பினதும் நின்றுவிட்டேன். பவித்ராவின் அறை வாசலில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்திருந்தார்கள். அதன்மேல் பனி ஒட்டின பூட்ஸ், ஓட்டப் பயிற்சி ஷூ, முயல் முகம் வைத்த செருப்பு என்று பதின்மூன்று ஜோடி வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் எண் எழுதின அட்டைத் துண்டு செருகியிருந்தது. மேடிசன் வாசலுக்கு வந்து, என்னை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்துவிட்டு, என் காலைக் காட்டிக் கையை நீட்டினாள். நான் ஷூவைக் கழற்றியதும் குனிந்து எடுத்து ஜோடி சேர்த்து வைத்து, பதினான்கு என்று எழுதின அட்டை ஒன்றை என்னிடம் கொடுத்து, “டோக்கன்” என்றாள். அவள் பாஷைச் சொல்தான். ஆனால் எங்கள் அடி அண்ணாமலையில் சொல்கிற மாதிரி, ‘டோ’வை அழுத்தி, ‘க’வை இரட்டித்துச் சொன்னாள்.

உள்ளே தரைமுழுக்கப் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து திங்கட்கிழமைக் கணக்குத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நடைக்கூடத்திலேயே தரையில் உட்காரலாம்போல் சுத்தமான அறை இது ஒன்றுதானாம், அதனால் எல்லாரும் இங்கேதான் கூடுகிறார்களாம். ஒருத்தியின் தடித்த மேலங்கி பவித்ராவின் தோளில் கிடந்தது. கட்டிலில் யாரோ கொடுத்த பூப்போட்ட கம்பளி. சுவரில் அக்காவின் படம். கடை முன்னால், நூறு ஜோடி செருப்புக்கு நடுவில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். ‘பவித்ராவின் அம்மா, பௌர்ணமி நாளில்’ என்று கீழே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. “உங்கள் அக்காவா இவர்? இத்தனையில் ஒன்றுகூட மாறிப் போகாதாமே, உண்மையா?” என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். உண்மைதான் என்றேன். அவர்கள் ஆளுக்கு ஆள் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பவித்ராவை நினைத்தோ அக்காவை நினைத்தோ அல்ல.

கொண்டுபோன மூட்டையைப் பிரித்துக் காட்டினேன். ஊறுகாயை மட்டும் எடுத்துக்கொண்டாள், அதுவும் பதின்மூன்று பேருக்கு நக்கக்கூடப் போதாது என்று சிரித்தாள். “எதுனா கஷ்டமா இருக்கா கண்ணு? சொல்லு” என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “முதல் வாரம் அழுதேன் மாமா. மேடிசன் கூட அழுதா. ரெண்டு பேரும் சேந்து அழுதோம்” என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீங்க பதறிகினு வந்துடுவீங்க” என்றாள். மணி ஆறாகியிருந்தது. ராத்திரி ஓட்டாதீங்க, பனி கொட்டுது, வழியில எங்கயாவது தங்கிடுங்க என்று எனக்கு அவள் புத்தி சொல்லி, என் ஷூவை எடுத்துக் கொடுத்தாள். அவள் குனிந்தபோது நான் தடுக்கவில்லை.

வண்டியில் வந்து உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே பௌர்ணமி முடிந்து விடிகிற நேரம். கடையில் இருந்தாள்.

“கொழந்த அழுதாளா?”

“இல்லக்கா. ராணி மாதிரி இருக்கா. எல்லாரும் அவ ரூம்லதான் குந்திகினு இருக்காங்க.”

“வந்துடறேன்னு எதுனா சொன்னாளா?”

“சேச்சே, அந்தப் பேச்சே இல்ல. இனிமே கவலய உடு. அவ வரமாட்டா.”

நல்ல செய்தி சொல்கிற ஜோரில்தான் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் ‘அக்கா, அக்கா’ என்றேன்.

“இருக்கேன்டா” என்றாள். பிறகு, “நல்லா இருக்கட்டும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்துடுங்கடா” என்றாள்.

வண்டியை முடுக்கினேன். வழிகாட்டித் திரையில் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்தினேன். ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் என்று காட்டியது. காதில் அக்கா போனைக் கீழே வைக்காமல் யாருக்கோ செருப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “பாத்துப் போங்க, அந்தாண்ட கல்லு ஜாஸ்தி” என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு இன்னொருவர் வந்தார், இன்னொருவர். நான் வண்டியை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.